பதிவேட்டில் தார், காலில் சேறு

"நிதி ஆதாரம் கிடைக்கப்பெற்றவுடன் பணி மேற்கொள்ளப்படும்." இன்று காலை நகராட்சியிலிருந்து வந்த பதில். மூன்று மனுவுக்கும் இதே வரிதான், ஒரு எழுத்து மாறவில்லை. கிடைக்கப்பெற்றவுடனாம்! குறி சொல்கிறவர்கூட "ஆடிக்குள் நடக்கும்" என்று ஒரு மாதமாவது சொல்வார்.

கேட்டது 400 மீட்டர் தெருவுக்கு ஒரு சாலை. தெரு எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்க வேண்டியதில்லை, உங்கள் வாசலை எட்டிப் பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பொறியியல் பிரிவுக்குப் போனேன். 11 மணி. "இப்பத்தான் டீக்குப் போனார்" என்றார்கள். 11.40-க்கு எழுத்தர் வந்தார், பதிவேட்டைப் புரட்டினார்.

"இது தார்ச் சாலை சார்."

"இல்லைங்க, மண்தான் இருக்கு."

"பதிவேட்டில் தார்ச் சாலைதான் சார்."

"பதிவேட்டு மேல வண்டி ஓட்ட முடியாதுங்களே."

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். மண் சாலையைத் தார்ச் சாலையாக்க ஒரு நிதித் தலைப்பில் பணம் கேட்கலாம். எங்களுடையது ஏற்கெனவே தார்ச் சாலை என்பதால் அதில் வராது. சரி, பழுதான தார்ச் சாலை என்று கேட்கலாமே? கேட்கலாம், ஆனால் பாதாளச் சாக்கடை வேலை முடிந்த தெருவாக இருக்க வேண்டும். குழாய் புதைத்து இரண்டு வருஷம் ஆகிறது, வீட்டு இணைப்பு பாக்கி. அதனால் வேலை முடியவும் இல்லை, நடக்கவும் இல்லை. அப்புறம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "தண்ணி நிக்குது சார், சாலைப் பரப்பு தெரியல. வெயில்ல எடுத்துட்டு வாங்க" என்றார். பரப்பு இருந்தால் நான் ஏன் சார் வருகிறேன்?

திரிசங்குவுக்காவது விசுவாமித்திரர் தனியாக ஒரு சொர்க்கம் கட்டிக் கொடுத்தார்.

திட்டத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. தமிழ்நாடு நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்புத் திட்டம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புறச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம். நாலு சொல்லை வைத்துக்கொண்டு சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடுகிறார்கள். எந்தச் சீட்டு விழுந்தாலும் பாதை ஒன்றுதான்: மன்றத் தீர்மானம், மதிப்பீடு, மண்டல அலுவலகம், சென்னை, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி. கோப்பு சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் புது விலை விகிதப் பட்டியல் வந்துவிடும். பழைய மதிப்பீடு செல்லாது, முதலில் இருந்து தொடங்கு. அந்தக் கோப்பு எங்கள் தெரு வழியாகச் சென்னைக்குப் போனால் ஒரே நாளில் அனுமதி கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

வசூலிக்கும்போது இந்தச் சுற்று எதுவும் கிடையாது, கவனித்தீர்களா? 2022-இல் சொத்து வரியை உயர்த்தினார்கள். வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 சதவீதத்தில் தொடங்கியது. கேட்டால், மத்திய அரசு தரும் 15-ஆவது நிதிக்குழு மானியம் வாங்க அதுதான் நிபந்தனை என்றார்கள். மத்தியில் வாங்க எங்களிடம் வாங்கினார்கள். எங்களிடம் வாங்கியது மறுநாளே எங்கள் பாக்கெட்டில் தெரிந்தது. மத்தியில் வாங்கியது எந்தத் தெருவில் கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

கவுன்சிலரிடம் போனோம். "எம்.எல்.ஏ. நிதியில கேட்டேன்ணே. அது ஹைமாஸ் லைட்டுக்குப் போயிருச்சு." உண்மைதான், முனையில் நிற்கிறது. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். இப்போது ராத்திரியிலும் ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாகப் பார்த்து விழலாம். பிறகு அவரே வழி சொன்னார்: "நமக்கு நாமே திட்டத்துல போட்டுரலாம்ணே, மூணில ஒரு பங்கு மக்கள் கட்டணும்." உத்தேசமாக 15 லட்சம் ஆகுமாம். 5 லட்சம் நாங்கள், 38 வீடு. வரி கட்டியவர்கள் மறுபடியும் கட்டுவதற்கு நமக்கு நாமே என்று பெயர் வைத்தவர் மகா நேர்மையானவர்.

இன்னொன்று. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. எங்கள் தெருவில் அந்தச் செலவும் மிச்சம், மழையே சுரண்டி முடித்துவிட்டது. மதிப்பீட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லி நாலாவது மனு எழுதலாம் என்று உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது.

எழுதப் பேனாவும் இல்லை. செவ்வாய்க்கிழமை "ஒரு நிமிஷம் சார்" என்று அந்த எழுத்தர் வாங்கி, பதிவேட்டில் ஏதோ குறித்துவிட்டுத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். என் மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த பேனா. தெருவைக்கூட விடுங்கள். அதை எந்தத் தலைப்பில் கேட்டு வாங்குவது?