'இயற்கையில் எல்லாமே வலப்பக்கம்தான் சுழல்கிறதா?' பரவும் செய்தி தவறு

"இயற்கையில் எல்லாமே வலப்பக்கம் சுழல்கிறது என்று 1957 நோபல் ஆய்வு நிரூபித்துவிட்டது, கோயிலில் வலம் வருவதற்கு அதுவே அறிவியல் ஆதாரம்" என்று ஒரு செய்தி பினாங்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தண்ணீர்மலைக் கோயில் படத்தோடு வருவதால் நம்பிக்கையாகத் தெரிகிறது.

அந்த ஆண்டு லீ, யாங் என்ற இரு இயற்பியலாளர்களுக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. மற்றது தவறு. அணுக்கரு எலக்ட்ரானை வெளியேற்றி மாறும் பீட்டாச் சிதைவுக்குக் காரணமான 'வலுக்குறைந்த விசை' இடத்தையும் வலத்தையும் சமமாக நடத்துவதில்லை என்பதுதான் அந்த ஆய்வின் விஷயம். கதிரியக்கக் கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கடுங்குளிரில் ஒரே திசையில் வரிசைப்படுத்தி இதைச் சோதித்தவர் இயற்பியலாளர் சியென்-ஷியுங் வூ. எலக்ட்ரான்கள் அணுக்கருச் சுழற்சியின் அச்சுத் திசைக்கு (வலக்கை விரல்களைச் சுழற்சியோடு மடக்கினால் கட்டைவிரல் காட்டும் திசை) எதிர்ப்பக்கமே அதிகம் பாய்ந்தன. அதாவது, அந்த விசை சாய்வது இடக்கைப் பக்கம்! (வூவுக்குப் பரிசில் பங்கு தராதது தனிக்கதை.) மின்காந்த விசையில் இந்தப் பாரபட்சம் காணப்படவில்லை. நம் உடம்பிலும் ஒரே பக்கம் கிடையாது. சில மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு: புரதங்களின் அமினோ அமிலங்கள் இடக்கை வகை, டிஎன்ஏவின் சர்க்கரை வலக்கை வகை.

வலம் வருவது வழிபாட்டு மரபு. அதற்குக் கோபால்ட்டின் சான்றிதழ் எதற்கு? சந்தேகம் இருந்தால் நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 1957 இயற்பியல் பக்கத்தைப் பாருங்கள். செய்தி உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.