சேவலுக்குப் பழி

(மதுரை தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்து. நகை செய்யும் பத்தரின் பட்டறை. உமியோட்டில் கங்கு கனன்றுகொண்டிருக்கிறது. அப்பத்தா பேத்தியின் அறுந்த கொலுசை நீட்டுகிறார். பத்தர் மேல் அவருக்கு மரியாதை உண்டு. அவருடைய தராசு மேல்தான் கிடையாது.)

அப்பத்தா: கொக்கியைச் சீக்கிரம் பற்றவைத்துக் கொடுங்கள், பத்தரே. ஊருக்குப் போய் ஒரு வைக்கோல் படப்புக்குத் தீ வைக்க வேண்டும். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும்.

பத்தர்: (ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்து) யார் வீட்டுப் படப்பு?

அப்பத்தா: பக்கத்து வீட்டுக்காரியுடையது. விருந்து வைக்க என் சேவலைக் கொன்றுவிட்டாள். குஞ்சாக இருந்த நாள் முதல் என் மடியில் வளர்ந்த பிள்ளை. என் வீட்டுக்காரர் போன பிறகு விடிகாலையில் என்னை எழுப்ப அது ஒன்றுதான் இருந்தது.

பத்தர்: சேவலுக்காகப் படப்பா?

அப்பத்தா: கண்ணகி ஒரு புருஷனுக்காக மதுரையையே எரித்தாள். நான் கேட்பது ஒரே ஒரு படப்பு. கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் மீதி வர வேண்டும்.

பத்தர்: என் பட்டறையில் கண்ணகி பேச்சை எடுக்காதீர்கள். வயிறு எரிகிறது.

அப்பத்தா: ஏன், அந்தத் திருட்டுப் பொற்கொல்லன் உங்களுக்கு உறவா?

பத்தர்: திருடியவன் ஒருவன். விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன் பாண்டியன். உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே அவன் உயிர் போனது. ஊரும் எரிந்தது. அத்தோடு விட்டார்களா? பத்தினிக்குப் பலி என்று அடுத்து வந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் 1,000 பொற்கொல்லர்களைக் கொன்றான். ஆயிரம் பேர், அப்பத்தா! அதில் எத்தனை பேர் அந்தச் சிலம்பைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? எவனோ ஒருவன் என்னைப் போலக் கொலுசுக்கு வெங்காரம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான்.

அப்பத்தா: பெற்ற வயிறு எரியும்போது ஆளை எண்ணிக்கொண்டா இருக்க முடியும்?

பத்தர்: இன்னும் இருக்கிறது. முற்பிறவியில் கோவலனே சங்கமன் என்ற வியாபாரியை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக் கொல்ல வைத்தானாம். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அழுது, சாபமிட்டு, மலையிலிருந்து குதித்தாள். அந்தப் பழிதான் இங்கே வந்து விடிந்தது. கண்ணகியிடம் இதைச் சொன்னது மதுரையின் காவல் தெய்வம் மதுராபதியே.

அப்பத்தா: அப்படியானால் என் சேவல் போன பிறவியில் அவளுடைய கோழியைத் தின்றதா? சேவல் கோழியைத் தின்னாது, பத்தரே. துரத்தும்.

பத்தர்: சரி, கண்ணகி தீயிடம் என்ன சொன்னாள்? அறவோர், பசு, பத்தினி, முதியவர், குழந்தை, இவர்களையெல்லாம் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்றாள். அந்த வீட்டில் யார் யார்?

அப்பத்தா: (விரல்விட்டு) அவளுக்கும் என்னைப் போல 70 வயது. படப்பை ஒட்டிப் பசு கட்டியிருக்கிறது. இரண்டு பேரக்குழந்தைகள். மகளைக் குறை சொல்ல முடியாது. மருமகன் ஒருவன்தான் தேறுவான். விருந்தே அவனுக்காகத்தான்.

பத்தர்: அவன் ஊரில் இருக்கிறானா?

அப்பத்தா: நேற்றே திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

பத்தர்: அப்படியானால் தீக்கு ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும். சாட்சி?

(அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். ஒரு செம்பட்டை இறகு, நுனியில் கரும்பச்சை மினுமினுப்பு. பழக்கதோஷத்தில் பத்தர் அதைத் தராசில் வைக்கிறார். தட்டு அசையவில்லை.)

அப்பத்தா: அவள் வீட்டுக் குப்பையில் கிடந்தது.

பத்தர்: உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள். சேவலை இனி எங்கே உடைப்பது? விருந்தன்று அங்கே கறிக்குழம்பு வைத்ததை யாராவது பார்த்தார்களா?

அப்பத்தா: பார்ப்பதென்ன? எனக்கே ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள்!

(பத்தரின் குறடு அந்தரத்தில் நிற்கிறது.)

பத்தர்: சாப்பிட்டீர்களா?

அப்பத்தா: சேவல் காணாமல் போனது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? அந்தியில் கூடையைக் கவிழ்க்கப் போனபோதுதானே தேடினேன்!

பத்தர்: (கொலுசைக் கையில் கொடுத்து, மெதுவாக) குழம்பு எப்படி இருந்தது?

அப்பத்தா: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) உப்புக் குறைவு. என் பிள்ளையை அடித்தவளுக்கு ஒரு கல் உப்புக் கூடுதலாகப் போடத் தெரியவில்லை. அதுதான் பத்தரே, ஆறவே மாட்டேன் என்கிறது.