நிட்மிலுக்: படகுப் பயணத்தோடு முடித்துவிடாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் நிட்மிலுக் தேசியப் பூங்கா பற்றிய கட்டுரை அருமை. ஆனால் வடக்கே உள்ள டார்வின் நகரிலிருந்து காலையில் கிளம்பி, பூங்காவின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு இரவே திரும்பிவிடலாம் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டார்வினிலிருந்து கேத்தரின் ஊருக்கே சுமார் 320 கி.மீ. அங்கிருந்து பூங்காவுக்கு இன்னும் 30 கி.மீ. பகலின் பெரும்பகுதி காரிலேயே போய்விடும். முதல் நாள் கேத்தரினில் தங்கிவிட்டு, விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறுமுன் பாருவெய் பாறை மேட்டில் ஏறினால் ஆறு வளைந்து வரும் அழகு முழுதாகத் தெரியும்.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம், அந்த நிலம் ஜாவொய்ன் பழங்குடி மக்களுடையது. 1978-இல் உரிமை கோரி, 1989-இல்தான் அது அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது. அவர்களே அதைப் பூங்காவுக்குக் குத்தகைக்குத் தந்திருக்கிறார்கள். நாம் அங்கே அவர்கள் வீட்டு விருந்தாளிகள். பாறை ஓவியங்களைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. அப்போது நீர் வடிந்து, பள்ளத்தாக்குகளுக்கு இடையிலுள்ள பாறைத் திட்டுகள் வெளியே தெரியும். ஒரு படகிலிருந்து இறங்கி, பாறைமேல் நடந்து அடுத்த படகில் ஏற வேண்டும். முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வெள்ளத்தோடு, மனிதர்களைத் தாக்கக்கூடிய உப்புநீர் முதலைகள் ஆற்றில் மேலே வந்துவிடும். மழையில்லாத அந்த மாதங்களில் இருப்பவை பெரும்பாலும் நன்னீர் முதலைகள். மணற்கரையில் அவை முட்டையிடும் இடங்களில் துடுப்புப் படகைக் கரை ஒதுக்கக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். ஒரு புகைப்படத்துக்காக அதை மீறுவது பெரிய அநியாயம்.