பிரிண்ட் போட்டது யாரு?

'உலகின் தலைசிறந்த பத்துப் புகைப்படக் கலைஞர்கள்' என்று வாரம் தவறாமல் ஒரு பட்டியல் என் டைம்லைனில் வந்து விழுகிறது. பட்டியலில் இருக்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பட்டியல் போடுகிற முறைமேல்தான் கோபம். கேமராவைப் பிடித்தவர் பெயர் மட்டும் போதும் என்று யார் முடிவு செய்தது? சினிமாவில் லேப் பெயர், கலரிஸ்ட் பெயர், ஸ்டில்ஸ் எடுத்தவர் பெயர், புரொடக்‌ஷன் பையன்கள் பெயர் வரைக்கும் திரையில் ஓடுகிறது. கேலரியில் லட்சக்கணக்கில் விலை போட்டு மாட்டியிருக்கிற படத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். அதை பிரிண்ட் போட்டவர் எங்கே? ஆயிரம் படத்திலிருந்து இந்த முப்பதைப் பொறுக்கி எடுத்தவர் எங்கே?

சும்மா புலம்பவில்லை. ஒரே ஒருவர் கதையைச் சொல்கிறேன், பாருங்கள். வில்லியம் எகிள்ஸ்டன், அமெரிக்காவின் மெம்ஃபிஸ்காரர். வண்ணப் படத்தைக் கலையாக்கியவர் என்று எல்லாரும் கொண்டாடும் ஆள். 1967ல் தன் வண்ண ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு நியூயார்க் போய் ஜான் ஷார்கௌஸ்கியிடம் காட்டினார். அங்கே மோமா என்று சொல்லப்படும் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவுக்கு 1962 முதல் 1991 வரை தலைவராக இருந்தவர் ஷார்கௌஸ்கி. அந்தக் காலத்தில் கலை என்றால் கறுப்பு வெள்ளைதான், கலர் விளம்பரத்துக்கு. அப்படிப்பட்ட நேரத்தில் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளையும், திறந்து கிடக்கும் அடுப்பையும் கலரில் எடுத்து வந்தவரை நம்பி, 1976ல் 75 படங்களோடு கண்காட்சி வைத்தார். கூடவே ஒரு புத்தகம், 48 படங்கள். (மோமாவின் முதல் கலர் கண்காட்சி இதுதான் என்று பலரும் எழுதுகிறார்கள். இல்லை. எர்ன்ஸ்ட் ஹாஸ் என்ற புகைப்படக்காரருக்கு 1962லேயே அங்கே கலர் கண்காட்சி நடந்துவிட்டது.)

முன்னுரையில் ஷார்கௌஸ்கி இந்தப் படங்களை 'பெர்ஃபெக்ட்' என்று எழுதிவிட்டார். நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் ஹில்டன் கிராமர் சும்மா விடுவாரா? பெர்ஃபெக்ட்டா, ஆமாம், பெர்ஃபெக்ட்டான சாதாரணம், பெர்ஃபெக்ட்டான சலிப்பு என்கிற ரீதியில் வெளுத்து வாங்கினார். கவனியுங்கள், அடி முதலில் விழுந்தது படம் எடுத்தவர்மேல் அல்ல, தேர்ந்தெடுத்தவரின் வார்த்தைமேல். தேர்வும் ஒரு படைப்புதான் என்பது திட்டுகிறவருக்குப் புரிந்திருந்தது. பாராட்டுகிறவர்களுக்குத்தான் மறந்துபோகிறது.

இனி பிரிண்டுக்கு வருவோம். எனக்கு நிஜமான சுவாரசியம் இங்கேதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோ லேப் ஒன்றின் விலைப்பட்டியலைப் பார்த்தாராம் எகிள்ஸ்டன். அதிலேயே விலை உசத்தியானது 'டை டிரான்ஸ்ஃபர்'. பெரும்பாலும் விளம்பரக்காரர்கள் பயன்படுத்திய முறை. முதலில் அந்த ஸ்லைடைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர் வழியாக மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் பிரிண்ட் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய ஜெலட்டின் ஃபிலிம் ஒன்று தயாராகும். அதில் படம் மேடு பள்ளமாக இருக்கும், மேடு அதிகமான இடம் சாயத்தை அதிகம் குடிக்கும். ஒன்றை சியான் சாயத்தில், ஒன்றை மெஜந்தாவில், ஒன்றை மஞ்சளில் ஊறவைத்து, அலசி, ஒன்றன்பின் ஒன்றாக அதே தாளில் வைத்து ரோலரால் அழுத்த வேண்டும். மூன்றும் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும்; பிசகினால் ஓரமெல்லாம் கலர் கசிந்தது போலத் தெரியும். சாயத் தொட்டியில் அமிலத்தைக் கூட்டிக் குறைத்தே கான்ட்ராஸ்ட்டை மாற்றலாம். கலரை ஒவ்வொன்றாகக் கைக்குள் வைத்திருக்கலாம் என்பதுதான் இதன் பலம்.

1973ல் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட்டில் எடுத்த 'தி ரெட் சீலிங்' படத்தை நினைத்துப் பாருங்கள். ரத்தச் சிவப்பில் ஒரு அறையின் கூரை, நடுவில் வெறும் பல்பு, அதிலிருந்து மூலைகளை நோக்கி ஓடும் வெள்ளை ஒயர்கள். அவ்வளவுதான் படம். அந்தச் சிவப்பை எடுத்துவிட்டால் அது எலக்ட்ரீஷியன் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படம். புத்தக அச்சில் அது சரியாக வந்து தான் பார்த்ததே இல்லை என்று எகிள்ஸ்டனே சொன்னார். அப்படியானால் அந்தச் சிவப்பைத் தாளில் கொண்டுவந்த கை யாருடையது?

எகிள்ஸ்டனின் டை டிரான்ஸ்ஃபர்கள் பலவற்றைப் போட்டவர்கள் கை ஸ்ட்ரிக்கெர்ஸும் ஐரீன் மல்லியும். தம்பதி. வாஷிங்டன் மாநிலத்தில் வாஷான் தீவில் லேப். 1994ல் கோடாக் இதற்கான ஃபிலிம், தாள், சாயம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. கையிருப்பை வைத்தே இவர்கள் முப்பது வருஷம் போல ஓட்டினார்கள். 2024 நவம்பரில் டேவிட் ஸ்வர்னர் கேலரி லாஸ் ஏஞ்சலிஸில் 'தி லாஸ்ட் டைஸ்' என்று கண்காட்சி வைத்தது. எகிள்ஸ்டன் படங்களுக்கு இனி டை டிரான்ஸ்ஃபர் இல்லை, இவைதான் கடைசி. இந்தத் தம்பதியின் பெயர் அப்போது கொஞ்சம் வெளியே பேசப்பட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சரக்கு தீர்ந்த பிறகுதான் பெயர் வருகிறது என்றால், அது மரியாதையா, 'கடைசி' என்ற வார்த்தைக்கு இருக்கும் விலையா என்று ஒரு சந்தேகம் வராமல் இல்லை.

விலை என்றதும் எடிஷன், அதாவது ஒரு படத்துக்கு எத்தனை பிரதி என்கிற விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு நெகட்டிவிலிருந்து ஆயிரம் பிரிண்ட் போடலாம். ஆயிரம் போட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் 'இருபதுதான் போடுவோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். எகிள்ஸ்டனின் அந்த மூன்று சக்கர சைக்கிள் படமும் அப்படி இருபது டை டிரான்ஸ்ஃபர். 2012 மார்ச்சில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் அவருடைய 36 படங்களைப் பெரிய அளவு டிஜிட்டல் பிரிண்டாக விற்றது. மொத்தம் 59 லட்சம் டாலர். சைக்கிள் மட்டும் 5,78,500 டாலர். பழைய சைக்கிள் பிரிண்டை இரண்டரை லட்சம் டாலர் கொடுத்து வாங்கிவைத்திருந்த ஜோனதன் சோபெல் என்ற சேகரிப்பாளர் கொதித்துப்போய் வழக்குப் போட்டார். இருபதுதான் என்று சொன்னீர்களே, இது என்ன என்று.

2013ல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பழைய டை டிரான்ஸ்ஃபர் எடிஷனில் புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லை, இது வேறு முறையில் வந்த வேறு எடிஷன் என்பது தீர்ப்பின் சாரம். பணம் போனவர் புலம்பினார், கேலரிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அதே படம், அதே எகிள்ஸ்டன், அதே சைக்கிள். இரண்டையும் வெவ்வேறு பொருளாக்கியது பிரிண்ட் போட்ட முறை மட்டும்தான். சட்டத்தின் கண்ணுக்கு பிரிண்ட் அவ்வளவு முக்கியம். லேபிளில் மட்டும் அதற்கு ஆள் கிடையாது.

'பார்வை அவருடையது, பிரிண்ட் யார் போட்டால் என்ன' என்று கேட்பவர்களுக்கு ஒன்று. பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் படங்களைத் தானே பிரிண்ட் போடுவதில் ஆர்வம் காட்டியவரே இல்லை. பாரிஸின் பிக்டோ லேபில் வோயா மித்ரோவிச் என்ற யூகோஸ்லாவியக்காரர் அவருக்கும், யோசஃப் கூடெல்கா என்ற இன்னொரு புகைப்படக்காரருக்கும் இருட்டறையில் வருஷக்கணக்காக நின்றார். பிரெஸ்ஸோனின் அந்த மென்மையான சாம்பல் நிறங்களைப் பார்த்து உருகுகிறோமே, அதில் பாதி இந்த மனிதரின் கை.

விவியன் மேயர் விஷயம் இன்னும் சிக்கல். சிகாகோவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே படம் எடுத்தவர். வாடகை கட்டாத லாக்கரிலிருந்த அவருடைய நெகட்டிவ் பெட்டிகள் 2007ல் ஏலத்துக்குப் போய்ப் பல கைகளில் சிதறின. 2009ல் இறந்தும் போனார். லட்சத்துக்கும் மேல் நெகட்டிவ். நாம் பார்க்கும் 'விவியன் மேயர்' என்பது அந்தப் பெட்டிகளை வாங்கிய ஜான் மலூஃப் போன்றவர்கள் பொறுக்கியது, வேறு யாரோ பிரிண்ட் போட்டது. அந்தம்மா இருந்திருந்தால் இதில் எதை வேண்டாம் என்று தூக்கிப் போட்டிருப்பார்?

புத்தக உலகம் இதில் எவ்வளவோ தேவலை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஒரே கூரைக்குக் கீழே ஸ்கேனிங், வடிவமைப்பு, அச்சு எல்லாம் வைத்திருக்கும் கெர்ஹார்ட் ஷ்டைடலின் பெயர் புத்தக முதுகிலேயே இருக்கிறது. அவரிடம் அச்சிட்டுத்தான் நம் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் புத்தகத்தையே கண்காட்சியாக மாற்றினார். 2022ல் தயானிதாவுக்குப் புகைப்படத்துக்கான ஹாஸல்பிளாட் விருதும் வந்தது.

நம்ம ஊருக்கு வந்தால், பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் டச்சிங் பண்ணியவர் ஒருவர், பிரிண்ட்மேல் கையால் கலர் கொடுத்தவர் ஒருவர். அட்டையில் ஸ்டுடியோ பெயர் மட்டும் இருக்கும். மாறாக ஒரு நல்ல உதாரணமும் நம் பக்கத்துக் கதைதான். 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' என்ற புகைப்படத் தொடர், 2000 முதல் 2004 வரை செய்தது. கேமராவுக்கு முன்னால் வேஷம் கட்டி நின்றவர் கலைஞர் புஷ்பமாலா, பின்னால் நின்றவர் கிளேர் ஆர்னி. இரண்டு பெயரும் சேர்ந்தே போகிறது. அதே புஷ்பமாலாதான் 2019ல் சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழாவின் கியூரேட்டராக, அதாவது படங்களைத் தேர்ந்தெடுப்பவராக இருந்தார்.

இங்கே பிரிண்ட் போடும் தம்பி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணே, லேப்டாப்ல பிரைட்னஸ்ஸ ஏத்தி வெச்சு எடிட் பண்ணிக் கொண்டு வருவாங்க. அப்படியே போட்டா கறுப்பெல்லாம் அடைச்சிக்கும். நான் ஷேடோவத் தூக்கி, துண்டு டெஸ்ட் எடுத்து, லைட்டுக்குக் கீழ வெச்சுப் பார்த்துட்டு மறுபடி போடுவேன். ஓப்பனிங் அன்னைக்குப் பேப்பர் நல்லா இருக்குன்னு சொல்வாங்க" என்றார். பேப்பராம்!

இதை ஒரு புகைப்பட நண்பரிடம் சொன்னபோது, "பெயர் போட்டால் நாளைக்குப் பங்கு கேட்பாங்களே" என்றார். கேட்கட்டுமே, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். விற்ற விலையில் பாதி வரை கேலரிக்குக் கொடுக்கிறோம், அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

அடுத்து கண்காட்சிக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்கும் வாலண்டியர் பிள்ளைகளிடம் கேளுங்கள், இதைப் போட்டது யார் என்று. நான் கேட்டேன். "லேப்ல சார்" என்றது ஒரு பெண். எந்த லேப் என்றதும் ஃபோனை எடுத்து யாரிடமோ விசாரித்து, பெயரைச் சொல்லிவிட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றது.