கப்பலில் போகிறீர்களா? முதலில் சாப்பாட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரில் இருப்பதால், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் என்னிடம் இப்போது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "குரூஸ் போகலாம்னு இருக்கோம், எந்தக் கப்பல் நல்லா இருக்கும்?" முன்பெல்லாம் செந்தோசா, பறவைப் பூங்கா என்று கேட்பார்கள். இப்போது டிராவல் ஏஜென்டுகளே சிங்கப்பூர் பேக்கேஜோடு மூன்று இரவுக் கப்பல் பயணத்தையும் சேர்த்து விற்கிறார்கள். நோட்டீஸில் நீர்ச்சறுக்குப் படம் இருக்கும், பால்கனி படம் இருக்கும், "இத்தனை உணவகங்கள்" என்று பெரிய எழுத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் கப்பலை முடிவு செய்யாதீர்கள்.

ஹோட்டலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் இறங்கிப் போய் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு வரலாம். கப்பலில் அதற்கு வழியில்லை. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அங்கே என்ன இருக்கிறதோ அதுதான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற அப்பா, முட்டை வாசனையே ஆகாத பாட்டி, சோறு தவிர வேறெதையும் தொடாத பிள்ளை என்று ஒரு குடும்பமாகப் போகும்போது, சாப்பாடு சரியாக அமையாவிட்டால் மற்ற எதையும் யாரும் ரசிக்க மாட்டார்கள்.

அதனால் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இத்தனை உணவகங்களில் டிக்கெட் பணத்திலேயே அடங்கியவை எவை என்பது. ராயல் கரீபியன் நிறுவனம் வெவ்வேறு சீசன்களில் இங்கிருந்து ஓட்டியிருக்கிற ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் கட்டிய, 1,68,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள். அவற்றில் நாம் கூடுதலாகக் காசு கொடுக்காமல் சாப்பிடக்கூடியவை மெயின் டைனிங் ரூம், விண்ட்ஜாமர் என்ற பஃபே, ஒரு பீட்சா கடை, ஓரிரு சின்ன கஃபேக்கள். சாப்ஸ் கிரில் என்ற ஸ்டேக் உணவகத்துக்குத் தனிக் கட்டணம். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு ஐம்பது டாலருக்கு மேலும் போகும், அதுவும் அமெரிக்க டாலர். 2016இல் ஜெர்மனியில் கட்டிய ஜென்டிங் ட்ரீம் என்ற கப்பலிலும் இதே ஏற்பாடுதான்: லிடோ பஃபேயும் ட்ரீம் டைனிங் ரூமும் டிக்கெட்டிலேயே சேர்த்தி, மற்ற பலவற்றுக்குத் தனிக்காசு. மூன்று இரவுப் பயணத்துக்குக் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகம் தேவையே இல்லை. ஒரு வாரம் போகிறவர்கள் வேண்டுமானால் ஒரு நாள் மாற்றத்துக்குப் போகலாம்.

நம் ஆட்கள் பலர் மெயின் டைனிங் ரூம் பக்கமே போகாமல் மூன்று வேளையும் பஃபேயிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம். கப்பலில் ஏறிய நாள் மதியம் பஃபே எப்படி இருக்கும் தெரியுமா? அறைகள் இன்னும் திறந்திருக்காது. எல்லோரும் கைப்பையும் முதுகுப்பையுமாக அங்கேதான் நிற்பார்கள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் குழந்தை, உட்கார இடம் தேடி இரண்டு சுற்று. வயதானவர்களுக்கு அது பெரிய சோதனை. ராத்திரி டைனிங் ரூமிலோ வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். இரண்டுமே நீங்கள் கொடுத்த அதே டிக்கெட் பணத்தில்தான்.

அதிலும் குறித்த நேர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். மாலை ஆறு மணி வாக்கில் ஒரு பந்தி, எட்டு மணி வாக்கில் ஒரு பந்தி இருக்கும். தினமும் அதே மேசை, அதே வெயிட்டர். நினைத்த நேரத்தில் போய்ச் சாப்பிடும் முறையும் உண்டு. ஆனால் அதில் நாளுக்கொரு மேசையும் நாளுக்கொரு ஆளும் அமையலாம். என் அம்மாவுக்குச் சாப்பாட்டோடு சுடுதண்ணீர் வேண்டும், ஐஸ் தண்ணீர் ஆகாது. முதல் நாள் வெயிட்டரிடம் ஒருமுறைதான் சொன்னோம். இந்தோனேசியக்காரர், இருபத்தைந்து வயசு இருக்கும். மறுநாள் நாங்கள் போய் உட்காரும்போதே அம்மாவின் இடத்தில் மட்டும் ஐஸ் தண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டு, சின்ன ஜாடியில் ஆவி பறக்கச் சுடுதண்ணீர் வைத்திருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, அவருடைய மொழியும் தெரியாது. கடைசி ராத்திரி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருப்பா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தார். எந்த நீர்ச்சறுக்கையும்விட அம்மாவுக்கு நினைவில் நிற்பது அந்த மேசைதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "வெஜ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாது. முட்டை கூடாது, மீன் சாஸ் கூடாது, சிப்பி சாஸ் கூடாது, வெங்காயம் பூண்டு வேண்டாம் என்றால் அதையும் சேர்த்து, புக் செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள். பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஏறியதும் முதல் இரவே தலைமை வெயிட்டரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லுங்கள். மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே சொல்லிவைத்தால், மெனுவில் இல்லாத இந்தியச் சைவச் சாப்பாட்டையும் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். இங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியர் கூட்டம் அதிகம் என்பதால் பஃபேயிலும் பருப்பு, பனீர், சோறு, ரொட்டி கிடைக்கும். பெரும்பாலும் வடக்கத்திச் சமையல்தான். ஃபில்டர் காபி கிடைக்காது, அதைப் பாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பஃபே வாசலில் கை கழுவச் சொன்னால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது. கப்பல் மாதிரி அடைத்த இடத்தில் ஒருவருக்கு வந்தால் பலருக்கும் பரவிவிடும்.

அடுத்தது குடி. மதுவைச் சொல்லக் காரணம், நாளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிக் குடிக்கிற பேக்கேஜின் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. ராயல் கரீபியனில் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் மற்றவரும் வாங்கித்தான் ஆக வேண்டும். கணவர் மாலையில் இரண்டு பீர் குடிப்பார், மனைவி தொடவே மாட்டார் என்றால், பேக்கேஜை விட்டுவிட்டு அந்த இரண்டு பீருக்கு மட்டும் காசு கொடுப்பதுதான் லாபம். அதற்கும் சர்வீஸ் சார்ஜ் 18 சதவீதம் தனியாக வரும். பஃபேயில் தண்ணீர், சாதா டீ, காபி இலவசம்.

இப்போது டிப்ஸ். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ராயல் கரீபியனில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல், குழந்தைக்கும் சேர்த்து, தானாகவே கணக்கில் ஏறும். நாலு பேர் மூன்று இரவு போனால் 200 டாலரைத் தாண்டும். இதை முன்கூட்டியே செலவில் சேர்த்துக்கொள்ளாதவர்கள் கடைசி நாள் கவுன்டரில் வரிசையில் நின்று "டிப்ஸை எடுத்துவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். கேட்டால் எடுத்தும் விடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் அறையைக் கூட்டுகிறவரும் தட்டு எடுக்கிறவரும் பல மாத ஒப்பந்தத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள், வார விடுமுறை என்பதே இல்லாமல் வேலை செய்கிறவர்கள். கடல்சார் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தமே வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதிக்கிறது. கையில் காசு இறுக்கம் என்றால் பால்கனி அறையை விட்டுவிட்டு ஜன்னல் இல்லாத உள்ளறை எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் டிப்ஸ் தாராளமாக அடங்கும்.

அறை என்றதும் சொல்ல வேண்டியது: மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல், பினாங்கு, புக்கெட் போகும் வழியில் ஆட்டம் குறைவு. தென்சீனக் கடல் பக்கம் போவதானால், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் ஆட்டம் இருக்கும். அப்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே உள்ள தளம் மட்டும் வேண்டாம். விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும்.

கப்பல் எங்கும் நிற்காமல் கடலிலேயே இருக்கும் நாள் ஒன்றாவது இருக்கிற பயணமாகப் பாருங்கள். அன்றைக்குத்தான் கப்பலை முழுசாக அனுபவிக்க முடியும். அவசரமில்லாத காலைச் சாப்பாடு, சாயங்காலம் அரங்கில் நிகழ்ச்சி, நடுவில் டெக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது. தினம் ஒரு துறைமுகம் என்று ஓடினால் ராத்திரி டைனிங் ரூமுக்குப் போகவே தெம்பு இருக்காது.

இவ்வளவு விசாரணையும் வேண்டாம், வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருமுறை கப்பல் காட்டினால் போதும் என்பவர்கள் சென்னையிலிருந்தே போகலாம். கோர்டிலியா என்ற இந்திய நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022இல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. ஆண்டு முழுக்க அங்கே இருக்காது, எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1990இல் கட்டிய கப்பல், 48,500 டன் அளவு, ஜென்டிங் ட்ரீமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் இந்தியச் சாப்பாட்டுக்கு யாரிடமும் மன்றாட வேண்டியதில்லை, ஜைனச் சாப்பாடுகூட உண்டு. பாட்டி நடக்க வேண்டிய தூரமும் குறைவு. முழங்கால் வலியோடு இருக்கிற எழுபது வயதுக்காரரைக் கூட்டிப் போவதானால் நான் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால், சிங்கப்பூர் வந்து பெரிய கப்பலில் ஏறுங்கள். அப்படி வருகிறவர்கள் விசா மல்டிபிள் என்ட்ரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் வெளியே போய்த் திரும்பினாலும் சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு.