கடை திறக்க ஐயர் எதுக்கு?

இதைப் படித்துவிட்டு எங்கள் சபையில் நாலு பேராவது என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பரவாயில்லை. எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளின் வட்டத்தில், போதகராக இருக்கிறேன். ஊருக்கு நான் 'ஐயர்'. வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம், எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. 1959-ல் எங்கள் சபைகளை நிர்வகிக்கும் பேராயமும் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் எங்கள் சபைக் குடும்பங்களில் சில இன்றைக்கும் இஞ்சிவிளைக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கின்றன. சந்தா இங்கே, ரேஷன் கார்டு அங்கே. பைக்கில் ஒரு நாளைக்கு நாலு தடவை மாநிலம் தாண்டுவது எனக்குப் பழகிப்போன விஷயம்.

போன வியாழக்கிழமையைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவக்கால) நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம், வீடு, கடை என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும். டைரியில் அன்றைக்கு நாலு நிகழ்ச்சி. டைரியில் இல்லாதது காலை 4.50-க்கு வந்தது.

"ஐயரே, அம்மைக்கு மூச்சு இழுக்குது. உங்களை ஒண்ணு பாக்கணுமாம்."

பேசினவர் ரப்பர் வெட்டுகிறவர். அன்றைக்கு வெட்டுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார் என்றாலே நிலைமை புரிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள் வீடு. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடமாக நடந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய அம்மா. திருவிருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெட்டிதான், ஒரு தட்டு, விரல் உயரக் கிண்ணம், இருமல் மருந்துக் குப்பி அளவில் திராட்சை ரசம். அப்பத்தை ரசத்தில் நனைத்து நாக்கில் வைத்தேன். விழுங்க வெகு நேரம் ஆனது. அதற்கப்புறம் என் கையை விடவில்லை. ஏதோ சொல்ல வந்தார், இருமல் வந்து மறித்தது. "சாயங்காலம் வாரும்" என்று மட்டும் கேட்டது. வாறேன் அம்மா என்றேன். மணி ஏழரை, எட்டுக்கு வீட்டுப் பிரதிஷ்டை.

அந்தப் பிரதிஷ்டை தொடங்கியபோது மணி 8.50. ஒரு பிரமுகர் வரவேண்டியிருந்தது. வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார், ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று. எங்கள் வீட்டு அலமாரியில் பொன்னாடைகளுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. குளிருக்கும் உதவாது, துடைக்கவும் உதவாது. ஜெபம் நாலு நிமிடம், மற்றதெல்லாம் ஒரு மணி நேரம். பிறகு கல்யாணம். அது நல்லபடியாக நடந்தது, போட்டோக்காரர் "ஐயரே, ஒண்ணூடி" என்று மோதிரத்தை இரண்டு தடவை போட வைத்ததைத் தவிர.

மதியம் ஒரு பையன் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வந்தான். துபாய்க்குப் போகிறான். எங்கள் பதிவேட்டில் பழைய ஐயர் தூய தமிழில் 'செபின்' என்று எழுதி வைத்திருக்கிறார். பையன் கேரளத்துப் பாறசாலையில் படித்தவன், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'ஜெபின்'. பதிவேட்டில் அடித்துத் திருத்த முடியாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று கடிதம் எழுதி, முத்திரை வைத்து, அவன் அப்பாவின் பெயரிலும் அதே கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கும் இன்னொரு கடிதம் எழுதினேன். ஒன்றரை மணி நேரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பையனின் பிழைப்பு அந்தப் பழைய பேரேட்டில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

நாலு மணிக்கு ஹார்டுவேர் கடை திறப்பு. "ரெண்டு நிமிஷம் மதி ஐயரே" என்றுதான் கூப்பிட்டார்கள். ரிப்பன் வெட்ட வேண்டியவர் வர 5.10 ஆனது. மைக் செட்டில் பாட்டு, அங்கிக்குள் சைலன்ட்டில் போன். வெளியே வந்து பார்க்கிறேன், ஆறு மிஸ்டு கால்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலரைக்கே முடிந்துவிட்டதாம். மகன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அம்மை ரெண்டு மட்டம் கேட்டா, ஐயர் வந்தாரான்னு" என்றார். அவ்வளவுதான்.

கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், பாட்டியின் வேதாகமத்தை வாசிக்க வராது. ஞாயிறு பள்ளியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த 23-ம் சங்கீதம் மட்டும் தெரியும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். "நடுவுல ஒரு வரி விட்டுட்டேன் ஐயரே, அது குத்தமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது சொல்கிறேன். கடைக்கும் பைக்குக்கும் போர்வெல்லுக்கும் ஜெபம் பண்ண ஐயர் வேண்டும் என்பது நம்முடைய உபதேசமே இல்லை. விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்கள் என்று சொல்லித்தானே நம்முடைய சபைகள் உண்டாயின? மயிலாடியில் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பி, சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து ஜெபம் பண்ணத் தொடங்கியபோது இந்தப் பக்கம் எந்த ஐயர் இருந்தார்? மிஷனரி ரிங்கல்தௌபே வந்தது 1806-ல். அவர் 1816-ல் போன பிறகு, அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து சேரும் வரை சபைகளைப் பார்த்துக்கொண்டவரும் வேதமாணிக்கம்தான். அந்த ஊர்க்காரர்களின் வழிவந்த நமக்கு, கல்லாப்பெட்டியைத் திறக்க அங்கி போட்ட ஆள் வேண்டியிருக்கிறது.

திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுங்கள், வருகிறேன். சாவுக்கும் நோய்க்கும் சண்டைக்கும் நடுராத்திரி கூப்பிடுங்கள், வருகிறேன். கடை உங்களுடையது, கடனும் உங்களுடையது, ஜெபத்தையும் நீங்களே பண்ணுங்கள். உங்கள் அம்மா பண்ணட்டும். அவர் பண்ணினால் எனக்கு இருப்பதைவிடக் கண்ணீர் கூடுதலாகவே இருக்கும்.

"போன ஐயர் எல்லாத்துக்கும் வருவாரு" என்று கமிட்டியில் சொல்வார்கள் என்று தெரியும். வந்தார், உண்மைதான். நானும்தான் போனேன். மேடையில் பெயர் சொல்லும்போது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கவரும் உண்டு, மறைப்பானேன். வியாழக்கிழமை அந்தக் கடையில் 4.15-க்கே எழுந்து "நேரமாச்சு, ஜெபத்தை முடிச்சிடுவோம்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை.

நாளைக்கு ஒரு பேக்கரி திறப்பு. நேற்று கூப்பிட்டு, வரவில்லை, குடும்பமாக நின்று ஜெபம் பண்ணித் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி ஐயரே" என்று வைத்தார்.

இன்று சாயங்காலம் பையனிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறார். கோபம் தணிந்துவிட்டது, கேக்தான் என்று நினைத்தேன். வீட்டுக்காரி திறந்து பார்த்துவிட்டு அப்படியே அலமாரிக்குக் கொண்டு போனாள். பொன்னாடை.