லாபம் ஏட்டில் இருக்கிறது, பணம் எங்கே?

வரவு செலவை ஒழுங்காக எழுதுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கெடுவுக்குள் வரி கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் ஆடிட்டரைக் கேளுங்கள். சிறு தொழில் செய்கிறவர்களுக்கென்று எழுதப்படும் எந்த வரி வழிகாட்டியைத் திறந்தாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நான்கையும் நான் செய்தேன். ஏழு ஆண்டுகளில் ஒரு ரசீதைக்கூடத் தொலைத்ததில்லை. அப்படியிருந்தும் போன நிதியாண்டுக்கான வரியைக் கட்டக் கடன் வாங்கினேன். நஷ்டம் வந்து வாங்கியிருந்தால் மனம் ஆறியிருக்கும். லாபம் வந்ததற்காகக் கடன் வாங்கினேன்!

அந்த இரவு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேசையில் ஒரு பக்கம் லாப நட்டக் கணக்கு, இன்னொரு பக்கம் வங்கி அறிக்கை. முதல் தாளின் அடியில், இரட்டைக் கோட்டுக்கு மேல், நிகர லாபம் என்று ஒரு தொகை. அதில் கால் பங்குகூட வங்கியில் இல்லை. கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன், ஒவ்வொரு பில்லாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். கணக்கில் பிழையே இல்லை. பணத்தை யாராவது எடுத்துவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தொடக்கத்திலிருந்து என்னோடு உழைக்கும் இரண்டு பேரைச் சந்தேகப்பட்ட அந்த ஒரு கணத்துக்காக இன்றும் நெஞ்சு எரிகிறது.

மறுநாள் ஆடிட்டரிடம் போனேன். "லாபம் வேறு, ரொக்கம் வேறு சார். இது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு யார் சொன்னார்கள்? எந்த வழிகாட்டியின் எந்தப் பக்கத்தில் இது பெரிய எழுத்தில் இருந்தது?

நான் நடத்துவது அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை. அந்த ஆண்டு ஒரு வெட்டும் இயந்திரம் வாங்கினேன். பணம் முழுவதும் ஒரே நாளில் போய்விட்டது. கணக்கிலோ அது தேய்மானமாக ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிகிறது. விலை ஏறிவிடும் என்ற பயத்தில் வாங்கி அடுக்கிய அட்டையும் விற்கும் வரை செலவாகாது, சரக்கு இருப்பாகவே நிற்கும். கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் செலவில்லை. வீட்டுக்கு எடுத்த பணமும் அப்படியே. இவற்றில் நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. இயந்திரம் கண்ணெதிரே நிற்கிறது, அட்டை கிடங்கில் இருக்கிறது, கடனும் குறைந்திருக்கிறது. போன பணத்துக்கு ஈடாக ஏதோ ஒன்று என்னிடம் இருக்கிறது.

பொறுக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. நிதியாண்டின் கடைசி மாதத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பிப் பில் போட்டேன். ஆண்டு விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே பில். "அடுத்த வாரம் பார்க்கலாம்", "கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லை" என்று இழுத்து நான்கு மாதம் கழித்துப் பணம் கொடுத்தார்கள். ஆனால் பில் போட்ட அன்றே அது என் வருமானம் ஆகிவிட்டது. காசைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதற்கு வரி வந்து நின்றுவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வரி கேட்கும்போது மட்டும் அந்தச் சுரைக்காய்க்கு முழு எடை போடுகிறார்கள்.

காசு கைக்கு வந்தால்தான் வருமானம், கையை விட்டுப் போனால்தான் செலவு என்று எழுதும் ரொக்க முறை ஒன்று இருக்கிறது. பல நாடுகளில் ஒரு வரம்புக்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கு அதற்கு அனுமதியும் உண்டு. இதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு. முதல் ஆண்டு தாக்கல் செய்த படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'கணக்கு முறை' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். பில் போட்ட அன்றே வருமானம் என்று எழுதும் முறைக்கு, எனக்காக வேறு யாரோ அதில் ஒரு டிக் போட்டிருக்கிறார்கள். அடியில் என் கையெழுத்து. ஏழு ஆண்டுகள் என் கழுத்தைப் பிடித்தது அந்த டிக். அதைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாரும் என்னிடம் பேசவில்லை!

விற்பனை மீதான வரியில் கொடுமை இன்னும் அதிகம். மதிப்புக் கூட்டு வரி என்ற முறை 1954இல் பிரான்சில் மோரிஸ் லோரே என்ற வரி அதிகாரியின் யோசனையில் நடைமுறைக்கு வந்தது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகளில் அதுவோ அதன் வகையைச் சேர்ந்த வரியோ இருக்கிறது. பில்லிலிருந்து பில்லுக்குச் சங்கிலியாகப் போகும் வரி அது. பொதுவான விதிப்படி, பில் போட்டதும் விற்றவன் அந்த வரியை அரசுக்குக் கட்டியாக வேண்டும். வாங்கியவரோ அதே பில்லைக் காட்டித் தன் வரியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு காசு கொடுக்காமலேயே! என் கையிலிருந்து நான் கட்டிய வரியை, எனக்குப் பாக்கி வைத்திருப்பவர் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறார். குறிப்பிட்ட மாதங்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சில நாடுகளில் விதி இருக்கிறது. அந்த மாதங்களை நான் எதை வைத்துத் தாண்டுவது?

கணக்கியலை ஒரு வணிகனுக்குப் புரியும்படி எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1494இல் வெனிஸில் லூக்கா பசியோலி என்ற துறவி, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கினார். அறிஞர்களின் லத்தீனில் எழுதவில்லை, வணிகர்கள் பேசிய மொழியில் எழுதினார். முதலில் உன்னிடம் இருப்பதையெல்லாம் பட்டியல் போடு, பிறகு குறிப்பேடு, நாளேடு, பேரேடு என்று மூன்று ஏடு வை என்று கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோலச் சொன்னார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று என் கைக்கு வரும் வழிகாட்டியில் 'பொருந்தக்கூடிய விதிகளுக்கு உட்பட்டு' என்பது ஒரே பக்கத்தில் ஆறு இடத்தில் இருக்கிறது. எந்த விதி, யாருக்குப் பொருந்தும் என்பது ஓரிடத்திலும் இல்லை.

வரி கட்டுகிறவனுக்கு எந்த நேரத்தில், எந்த வகையில் கட்டுவது வசதியோ அப்படித்தான் வரி வாங்க வேண்டும் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார். எவ்வளவு, எப்போது, எப்படிக் கட்ட வேண்டும் என்பது கட்டுகிறவனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆடிட்டரைக் கேளுங்கள் என்கிறார்களே, எதைக் கேட்பது? கேள்வி தெரிந்தவனால்தானே கேட்க முடியும்? நான் அவரைப் பார்ப்பது ஆண்டு முடிந்த பிறகு. அதற்குள் இயந்திரம் வாங்கியாகிவிட்டது, பில் போட்டாகிவிட்டது. நடந்ததை எழுதத்தான் அவரால் முடியும். அவரை நான் குறை சொல்லவில்லை. அவரிடமும் என்னைப் போல நூறு பேர் கெடுவுக்கு முந்தின வாரம் வந்து நிற்கிறார்கள். தொழில் தொடங்கும் நாளில் எங்கள் கையில் தாளைத் திணிக்கிறவர்கள்மீதுதான் என் கோபம் எல்லாம். பதிவு எண் வாங்க எத்தனை நகல் வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, 'வராத பணத்துக்கும் வரி உண்டு, அதற்குத் தனியாக எடுத்து வை' என்று ஒரு வாக்கியம் எழுதக் கை வரவில்லையா?

இப்போது என் கணக்கு நோட்டில், பில் தொகைக்குப் பக்கத்தில் நானே கோடு கிழித்து இரண்டு பத்தி சேர்த்திருக்கிறேன். ஒன்றில் பணம் வந்த தேதி, இன்னொன்றில் அந்தப் பில்லுக்கான வரியின் கெடு. கெடு முந்தி வருகிற பில் எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் வட்டம் போடுகிறேன். வாரம் தவறாமல் கொஞ்சம் பணத்தை எடுத்து வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன், அதைத் தொடுவதில்லை. போன வாரம் ஒரு பெண் என்னிடம் பெட்டி வாங்க வந்தார். புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். அவர் பையில் அதே வழிகாட்டி, அதே நீல அட்டை. உட்காரச் சொல்லி, என் நோட்டைத் திறந்து சிவப்பு வட்டங்களைக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "இது இந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது?"